வீடியோ ஓட்டினால் கொதிக்கிறது, திரையில் கோடு விழுகிறது: ஜிபியு போய்விட்டதா?

கேள்வி: தூத்துக்குடி மாணவி, 9 ஏப்ரல் 2023

அண்ணன் 2015-ல் வாங்கிய லேப்டாப் இப்போது என்னிடம் இருக்கிறது. ஐ5-5200யு, 8 ஜிபி ரேம், தனியாக 2 ஜிபி கிராபிக்ஸ் சிப் (ஜிபியு). யூடியூபில் வகுப்பு வீடியோ பதினைந்து நிமிடம் ஓடினாலே ஃபேன் கத்த ஆரம்பிக்கிறது, இடது பக்கம் கை வைக்க முடியவில்லை, படம் விட்டு விட்டு ஓடுகிறது. இரண்டு மூன்று முறை பட்டென்று ஆஃப் ஆகிவிட்டது. போன மாதத்திலிருந்து திரையில் நெடுக்காகக் கோடுகள் வேறு. கடையில் காட்டினேன். "சூட்டில் ஜிபியு போயிடுச்சு, ரீபால் பண்ணணும், 4,500 ஆகும், கேரண்டி கிடையாது" என்றார்கள். வீட்டிலேயே ஹாட் ஏர் கன்னால் சிப்பைச் சூடாக்கினால் சரியாகிவிடும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். அண்ணனின் நண்பரிடம் அந்தக் கன் இருக்கிறது. செய்து பார்க்கலாமா? தேர்வுக்கு இன்னும் ஆறு வாரம்தான் இருக்கிறது.

பதில்: 9 ஏப்ரல், இரவு 10.40

வேண்டாம். கன்னைத் தொடாதீர்கள். ரீபாலுக்கும் (சிப்புக்குக் கீழே இருக்கும் பற்றுக் குண்டுகளை மாற்றுவது) இப்போது சரி என்று சொல்லாதீர்கள்.

நீங்கள் எழுதியதில் இரண்டு புகார்கள் இருக்கின்றன. ஒன்று சூடு. இன்னொன்று கோடு. இரண்டும் ஒரே மெஷினில், ஏறக்குறைய ஒரே சமயத்தில் வந்ததால் ஒன்றுதான் மற்றதற்குக் காரணம் என்று கடைக்காரர் முடிச்சுப் போட்டிருக்கிறார். இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். மெஷினைத் திறக்காமலே பார்க்கக்கூடிய மூன்று சோதனைகள் உண்டு. இன்று இரவே செய்துவிடலாம்.

கோடு தெரியும்போது ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஃபோனுக்கு அனுப்பிப் பாருங்கள். ஃபோனில் அந்தப் படத்திலும் கோடு இருக்கிறதா? அடுத்து, வீட்டு டிவியில் ஹெச்டிஎம்ஐ கேபிள் செருகிப் பாருங்கள். டிவியிலும் கோடு வருகிறதா? மூன்றாவது, மூடியை மெதுவாக முன்னும் பின்னும் அசையுங்கள். கோடு கூடுகிறதா, குறைகிறதா, இடம் மாறுகிறதா?

முடிந்தால் ஆன் செய்தவுடன் கம்பெனி லோகோ வரும் நேரத்திலும் கோடு இருக்கிறதா என்று கவனியுங்கள். அப்போது விண்டோஸும் டிரைவரும் எழுந்திருக்காது. அங்கேயே கோடு இருந்தால் மென்பொருளைக் குறை சொல்ல வேண்டியதில்லை.

9 ஏப்ரல், இரவு 11.55

இவ்வளவு அழுத்தமாக வேண்டாம் என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது.

வேலூரில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறேன். தொழில் ஆரம்பித்தபோது, 2009-ல், கடன் வாங்கி ஒரு லேப்டாப் வாங்கினேன். இரண்டு வருடம் பகலும் இரவும் ஓடியது. 2011 ஆனி மாதம் ஒரு காலையில் ஆன் செய்தால் விளக்கு எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது, திரை மட்டும் கறுப்பு. உள்ளே இரண்டு கல்யாணத்தின் ஃபுட்டேஜ். ஒரு கடையில் சிப்பைச் சூடாக்கிக் கொடுத்தார்கள், 1,800 ரூபாய். உயிர் வந்தது. நான் அந்தக் கடைக்காரரைக் கையெடுத்துக் கும்பிட்டேன். மூன்று வாரத்தில் மறுபடி கறுப்பு. மறுபடி சூடாக்கினார்கள், ஒன்பது நாள் ஓடியது. மூன்றாவது முறை சூடாக்கியபோது போர்டு நடுவில் லேசாக வளைந்து, பக்கத்தில் இருந்த சின்னச் சின்ன பாகங்கள் நகர்ந்துவிட்டன. அதோடு முடிந்தது.

ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வேறு மெஷினில் மாட்டியதால் கல்யாணங்கள் தப்பின. அதை முதல் நாளே செய்திருக்க வேண்டும். நீங்களும் முதலில் உங்கள் நோட்ஸ், ப்ராஜெக்ட் எல்லாவற்றையும் ஒரு பென் டிரைவில் எடுத்து வையுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

10 ஏப்ரல், காலை 7.15

நேற்றுச் சொன்னதில் 'ஏன்' விடுபட்டுப் போனது. சூடாக்கினால் ஏன் உயிர் வருகிறது, ஏன் நிற்பதில்லை?

கிராபிக்ஸ் சிப் என்று நாம் பார்ப்பது இரண்டு அடுக்கு. மேலே கண்ணாடி மாதிரி பளபளக்கும் சிலிக்கான் துண்டு. அது கீழே ஒரு பச்சைத் தகட்டில் மிக நுண்ணிய சால்டர் (பற்று உலோகம்) குமிழ்களால் ஒட்டப்பட்டிருக்கும். அந்தத் தகடு இன்னும் கொஞ்சம் பெரிய குண்டுகளால் மதர்போர்டில் ஒட்டியிருக்கும். ரீபால் என்பது இந்தக் கீழ்வரிசைக் குண்டுகளை மட்டும் மாற்றுவது. மேல்வரிசைக் குமிழ்களை எந்தக் கடையிலும் மாற்ற முடியாது.

சூடாகும்போது சிலிக்கான் விரிவது ஒரு அளவு, தகடு விரிவது வேறு அளவு. தினமும் சூடாகி, ஆறி, மறுபடி சூடாகி, இடையில் மாட்டிக்கொண்ட குமிழ் இழுபட்டு இழுபட்டு மயிரிழை விரிசல் விடும். கம்பியை மாற்றி மாற்றி வளைத்தால் ஒடிகிற மாதிரிதான். ஹாட் ஏர் வைத்தால் எல்லாம் விரிந்து, விரிசலின் இரண்டு முகமும் தற்காலிகமாக ஒட்டிக்கொள்கின்றன. பற்று வைத்த மாதிரி ஒட்டுவதில்லை. ஈயம் கலந்த பழைய சால்டர் 183 டிகிரியில் உருகும்; ஐரோப்பிய ஒன்றியத்தின் ஈயத்தடை 2006 ஜூலையில் அமலுக்கு வந்த பிறகு பரவலான ஈயமற்ற சால்டருக்கு 217 டிகிரிக்கு மேல் வேண்டும். வீட்டுக் கன்னில் இந்த அளவைப் பிடித்து நிறுத்துவது கிட்டத்தட்ட நடக்காத காரியம்.

இது பெரிய அளவில் நடந்த வரலாறும் உண்டு. 2008 ஜூலையில் கிராபிக்ஸ் சிப் தயாரிக்கும் என்விடியா நிறுவனமே, சில லேப்டாப் சிப்களில் சிலிக்கானையும் தகட்டையும் சேர்க்கும் பொருட்கள் பலவீனமானவை என்று ஒப்புக்கொண்டு, பழுதுச் செலவுக்காக 150 முதல் 200 மில்லியன் டாலர் வரை ஒதுக்குவதாக அறிவித்தது. டெல்லும் எச்பியும் குறிப்பிட்ட மாடல்களுக்கு வாரண்டியை நீட்டின. ஃபேன் அதிக நேரம் சுற்றும்படி பயாஸ் (ஆன் செய்ததும் முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) அப்டேட்டும் கொடுத்தார்கள். அந்த அக்டோபரில் 8600எம் ஜிடி சிப் உள்ள மேக்புக் ப்ரோக்களை இலவசமாகப் பழுது பார்ப்பதாக ஆப்பிள் அறிவித்தது. என் பழைய மெஷின் அந்தப் பட்டியலில் எதிலும் இல்லை. ஆனால் அந்தச் செய்திகளைப் படித்துத்தான், சூடாக்கிய சிப் ஏன் மூன்று வாரம்தான் ஓடியது என்று எனக்குப் புரிந்தது.

நிஜமாகவே ஜிபியு போயிருந்தால் சரியான வழி, புதுச் சிப்பை வைப்பது. அல்லது போர்டை மாற்றுவது. எட்டு வருட மெஷினுக்கு அது கட்டுப்படியாகாது. அதனால்தான், போய்விட்டது என்று முடிவு கட்டுவதற்கு முன் நூறு முறை பார்க்க வேண்டும்.

11 ஏப்ரல், மாலை 6.05

பதில் வந்துவிட்டது. ஸ்கிரீன்ஷாட்டில் கோடு இல்லை. டிவியில் சுத்தமாக இருக்கிறது. மூடியைப் பாதி சாய்த்தால் கோடு மறைகிறது, நேராக நிமிர்த்தினால் வருகிறது. லோகோ வரும்போதும் கோடு இருக்கிறது.

இது டிஸ்பிளே கேபிள். அல்லது அது செருகும் கனெக்டர். ஹிஞ்ச் (மூடியின் கீல்) வழியாகப் போகும் அந்த மெல்லிய கேபிள், மூடியைத் திறக்கும்போதெல்லாம் முறுக்குப்படும். எட்டு வருடத்துக்கு எத்தனை ஆயிரம் முறை என்று எண்ணிப் பாருங்கள். 4,500 ரூபாய் ரீபால் செய்திருந்தாலும் அந்தக் கோடு அப்படியே இருந்திருக்கும்.

11 ஏப்ரல், இரவு 9.30

ஒரு திருத்தம். வேறு யாராவது இதைப் படித்து, டிவியில் படம் சுத்தமாக வந்தால் ஜிபியு நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

இரண்டு கிராபிக்ஸ் உள்ள லேப்டாப்களில் பெரும்பாலும் உள்திரைக்குப் படம் அனுப்புவது புராசஸருக்குள்ளேயே இருக்கும் இன்டெல்லின் உள் கிராபிக்ஸ்தான். தனிச் சிப் தேவைப்படும்போது மட்டும் வரைந்து அதனிடம் கொடுக்கும். ஹெச்டிஎம்ஐ போர்ட் சில மாடல்களில் இன்டெல்லோடும் சில மாடல்களில் தனிச் சிப்போடும் இணைந்திருக்கும். அதனால் தனிச் சிப் செத்திருந்தாலும் டெஸ்க்டாப் ஒழுங்காகத் தெரியலாம். கேம் அல்லது எடிட்டிங் மென்பொருள் திறந்தால்தான் கட்டம் கட்டமாகச் சிதறும். அப்படிச் சிதறினால் அது ஸ்கிரீன்ஷாட்டிலும் பெரும்பாலும் விழும். ஸ்கிரீன்ஷாட் சோதனையையும் மூடி அசைக்கும் சோதனையையும் டிவி சோதனையோடு சேர்த்தே எடைபோட வேண்டும். இங்கே மூன்றும் ஒரே பக்கம் சாய்ந்ததால்தான் கேபிள் என்று துணிந்து சொன்னேன்.

12 ஏப்ரல், காலை 6.50

தங்கை, நேற்று இரவு கடைசி வரியாக எழுதியதை இப்போதுதான் பார்த்தேன். "டச்பேட் கொஞ்ச நாளாக அழுத்தவே கடினமாக இருக்கிறது, மேலே தூக்கின மாதிரி இருக்கிறது, அது பரவாயில்லை" என்று.

அது பரவாயில்லாத விஷயம் இல்லை. சார்ஜரைப் பிடுங்கி லேப்டாப்பை ஆஃப் செய்யுங்கள். கட்டிலிலோ மெத்தையிலோ வைக்க வேண்டாம். டச்பேடுக்குக் கீழே பேட்டரி இருக்கிறது. அது உப்பினால்தான் டச்பேட் மேலே எழும். கீழ் மூடியைக் கழற்றத் தெரிந்தவர் பக்கத்தில் இருந்து பேட்டரியை வெளியே எடுக்க வேண்டும். கூரான எதையும் வைத்து நெம்பக் கூடாது. குத்தக் கூடாது, வளைக்கக் கூடாது. எடுத்ததைக் குப்பைத்தொட்டியில் போடாமல் மின்கழிவு வாங்கும் கடையில் கொடுங்கள்.

பட்டென்று ஆஃப் ஆனதை நான் சூட்டின் கணக்கில் வைத்திருந்தேன். பேட்டரியின் கணக்காகவும் இருக்கலாம்.

12 ஏப்ரல், இரவு 8.20

எடுத்தாகிவிட்டது என்று படம் அனுப்பியிருக்கிறார். தலையணை மாதிரி உப்பியிருக்கிறது. நிம்மதி. இனி சூட்டைப் பார்க்கலாம். புதுப் பேட்டரி வரும்வரை நேரடியாக சார்ஜரில் ஓட்டலாம். மின்சாரம் போனால் மெஷினும் போகும், எழுதுவதை அடிக்கடி சேவ் செய்யுங்கள்.

15 ஏப்ரல், பிற்பகல் 3.10

சுத்தம் செய்வது பற்றிக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். இதில்தான் நிறையப் பேர் தப்பு செய்கிறார்கள்.

வெளியிலிருந்து ப்ளோயரை வைத்து ஓட்டைக்குள் ஊதினால் போதும் என்று நினைப்பார்கள். போதாது. காற்று கீழிருந்து ஃபேனுக்குள் வந்து, செம்பு அல்லது அலுமினியத் தகடுகள் வழியாகப் பக்கவாட்டில் வெளியேறுகிறது. தூசு படிவது அந்தத் தகடுகளின் உள்பக்கம், ஃபேனுக்கும் தகட்டுக்கும் இடையில். பஞ்சு மெத்தை மாதிரி ஒரு பட்டையாகப் படிந்திருக்கும். வெளியிலிருந்து ஊதினால் அது உதிர்ந்து ஃபேனுக்குள் போகும். நிறுத்தியதும் திரும்ப அதே இடத்துக்கு வந்து ஒட்டும். ஃபேனின் மேல்மூடியைக் கழற்றி அந்தப் பட்டையைக் கையால் உரித்து எடுக்க வேண்டும். ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். கண்டபடி சுற்றவிட்டால் பேரிங் கெட்டுவிடும்.

அப்புறம் தெர்மல் பேஸ்ட், சிப்பின் சூட்டை ஹீட் சிங்குக்குக் கடத்தும் பசை. ஹீட் சிங்கின் (சிப் மேல் உட்காரும் உலோகப் பாகம்) ஸ்க்ரூக்களுக்குப் பக்கத்தில் 1, 2, 3, 4 என்று எண் போட்டிருக்கும். மாட்டும்போது அந்த வரிசையில், ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சமாக. ஒரே மூலையை முழுதாக முறுக்கினால் சிலிக்கானின் விளிம்பு உடைந்துவிடும். பழைய பேஸ்ட்டை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடையுங்கள். டெஸ்க்டாப் புராசஸரில் நடுவில் ஒரு பொட்டு வைத்தால் போதும் என்பார்கள், அதற்கு மேலே உலோக மூடி இருப்பதால். லேப்டாப்பில் மூடி கிடையாது, சிலிக்கான் வெறுமையாக இருக்கிறது. ஒரு மூலை விடுபட்டாலும் அந்த மூலை கொதிக்கும். மெல்லிசாக முழுப்பரப்பும் மூடும்படி தடவுங்கள்.

செம்புக் குழாயை வளைக்காதீர்கள். அது கெட்டிக் கம்பி இல்லை. உள்ளே கொஞ்சம் தண்ணீர், காற்று எடுக்கப்பட்ட குழாய். சிப் பக்கம் தண்ணீர் ஆவியாகி, தகடு பக்கம் போய்க் குளிர்ந்து, உள்சுவரில் இருக்கும் நுண்துளைகள் வழியாகத் திரும்பி வரும். வளைந்து நசுங்கினால் அந்த ஓட்டம் நின்றுவிடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது.

15 ஏப்ரல், மாலை 5.00

தெர்மல் பேட் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். கிராபிக்ஸ் சிப்பைச் சுற்றி இருக்கும் நினைவகச் சிப்கள் மேல் சாம்பல் நிற ரப்பர் மாதிரி ஒட்டியிருப்பது. அது கிழிந்தால் பேஸ்ட்டை அப்பிவிடலாம் என்று தோன்றும். 2016-ல் நான் அதைச் செய்தேன். அங்கே ஒரு மில்லிமீட்டர் இடைவெளி. பேஸ்ட் நிரப்பவே இல்லை. சூடு ஏற ஏறத் திரையில் பச்சைப் புள்ளிகள் வந்தன.

சரி என்று சென்னை ரிச்சி தெருவுக்குப் போய் பேட் வாங்கி வந்தேன். 1 மி.மீ. இல்லை என்று 1.5 மி.மீ. தந்தார்கள், வாங்கிவிட்டேன். மாட்டியதும் பத்து விநாடியில் 95 டிகிரி. பேட் தடியாக இருந்ததால் ஹீட் சிங்க் முழுதும் தூக்கிக்கொண்டு, சிலிக்கானைத் தொடவே இல்லை. அரை மில்லிமீட்டர்தான்! பேட் மாற்றினால் ஒருமுறை ஸ்க்ரூ முழுதும் முறுக்கி, மறுபடி கழற்றி, பேஸ்ட்டின் பதிவு இரண்டு பக்கமும் முழுதாக விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். விழுந்திருந்தால் புதுப் பேஸ்ட் தடவி மூடலாம்.

பேட் கிழியாமல் இருந்தால் தொடவே தொடாதீர்கள்.

17 ஏப்ரல், இரவு 9.45

98 டிகிரியிலிருந்து 55-க்கு வந்துவிட்டதாம்! உரித்த தூசுப் பட்டையின் படத்தையும் அனுப்பியிருக்கிறார். கம்பளித் துண்டு மாதிரி இருக்கிறது. எனக்கே சந்தோஷமாக இருக்கிறது.

ஆனால் வீடியோ இன்னும் விட்டு விட்டுத்தான் ஓடுகிறது, முன்பைவிட மோசம் என்கிறார். அப்படியானால் கோடெக் (வீடியோவைச் சுருக்கிப் பிரிக்கும் முறை) பிரச்சினை. யூடியூப் அனுப்பும் விபி9 வீடியோவைப் பிரிக்க ஐந்தாம் தலைமுறை இன்டெல்லில் முழு வசதி இல்லை, புராசஸரே எல்லாவற்றையும் செய்ய வேண்டியிருக்கிறது. வீடியோ மேல் வலது கிளிக் செய்து "ஸ்டேட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்" திறந்து, கோடெக் வரியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

19 ஏப்ரல், காலை 8.00

கோடெக் வரியில் விபி09 என்றுதான் இருக்கிறது. ஹெச்.264 என்ற பழைய கோடெக்குக்கு மாற்றிப் பார்த்தார். கொஞ்சம் தேறியது, அவ்வளவுதான். வேர்ட் திறக்கவே ஒரு நிமிடம் ஆகிறதாம். வேர்டுக்கும் கோடெக்குக்கும் சம்பந்தம் இல்லை. நான் வேறு எதையோ தவறவிட்டிருக்கிறேன்.

19 ஏப்ரல், இரவு 10.15

இதைத் தொடர்ந்து படித்து வரும் ஒருவர் ஒரே வரியில் கேட்டார்: "புராசஸர் எத்தனை கிகாஹெர்ட்ஸில் ஓடுகிறது?" நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

டாஸ்க் மேனேஜரில் 0.79. 2.2 ஓட வேண்டிய இடத்தில்.

பேட்டரி இல்லாததுதான் காரணம். புராசஸருக்குத் திடீரென்று அதிக மின்சாரம் தேவைப்படும்போது சார்ஜரோடு பேட்டரியும் கை கொடுக்கும்படி சில லேப்டாப்கள் வடிவமைக்கப்பட்டிருக்கின்றன. பேட்டரி இல்லை என்றால் அவை தங்களையே மெதுவாக்கிக்கொள்கின்றன. ஒரிஜினல் இல்லாத சார்ஜரை அடையாளம் தெரியாமல் போனாலும் சிலவற்றில் இதே நடக்கும்.

முந்தாநாள் 55 டிகிரி என்று நான் ஆச்சரியக்குறி போட்டது தப்பு. சுத்தம் செய்ததால் 55 வரவில்லை; ஓட்டமே இல்லாததால் வந்தது. நொண்டி நடக்கிறவருக்கு வியர்க்கவில்லை என்று உடம்பு தேறிவிட்டதாகச் சொன்ன மாதிரி. இனிமேல் யாராவது டிகிரி சொன்னால், கூடவே கிகாஹெர்ட்ஸும் சொல்லுங்கள். ஒன்றில்லாமல் மற்றதுக்கு அர்த்தமில்லை.

28 ஏப்ரல், மாலை 7.30

புதுப் பேட்டரி வந்துவிட்டது. அறை 33 டிகிரி. அரை மணி நேரம் முழு வேலை கொடுத்து, 2.5 கிகாஹெர்ட்ஸில் 79 டிகிரி. இது நிஜமான எண். ஐ5-5200யுவின் உச்ச வரம்பு 105 என்பதால் இதில் கவலைப்பட ஒன்றுமில்லை. பட்டென்று ஆஃப் ஆவதும் நின்றுவிட்டது. தூசா, பேட்டரியா என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி இரண்டையும் சரி செய்துவிட்டோம்.

2 மே, இரவு 11.20

கோடெக் விஷயத்தை நான் பாதியில் விட்டுவிட்டேன். இவருடைய முதன்மைச் சிக்கல் அது இல்லை என்றாலும், வீடியோ பார்த்தால் மட்டும் கொதிக்கிறது என்று புலம்பும் பழைய லேப்டாப்களில் பாதிக்கு அதுதான் காரணம் என்பது என் அனுபவம்.

வீடியோ என்பது சுருக்கி வைத்த மூட்டை. ஒவ்வொரு விநாடியும் அதைப் பிரித்துக்கொண்டே இருக்க வேண்டும். பிரிப்பதற்கென்றே சிப்பில் ஒரு சின்னப் பகுதி இருந்தால் மெஷினுக்கு வலியே தெரியாது. இல்லையென்றால் புராசஸர் மூச்சு வாங்கப் பிரிக்கும். ஹெச்.264-ஐப் பிரிக்கும் பகுதி பல வருடமாக எல்லாவற்றிலும் இருக்கிறது. விபி9-க்கு இன்டெல்லில் ஏழாம் தலைமுறையில்தான் முழுமையாக வந்தது. 2018-ல் வெளியான ஏவி1-க்கு இன்டெல் பதினொன்றாம் தலைமுறை வரை காத்திருக்க வேண்டியிருந்தது; என்விடியாவில் 30 வரிசை. இரண்டும் 2020-ல்தான். அதற்கு முந்தைய மெஷினுக்கு யூடியூப் ஏவி1 அனுப்பினால் முழுப் பாரமும் புராசஸர் தலையில்.

ஹெச்264இஃபை என்ற பிரவுசர் நீட்சியைப் போட்டால், விபி9 தெரியாது என்று யூடியூபிடம் சொல்லி ஹெச்.264-ஐ வாங்கித் தரும். யூடியூபில் ஹெச்.264 1080 வரைதான் கிடைக்கும். இவருடைய திரை 1366×768. அதில் 720 வைத்தாலே போதும், 1080 வைத்துச் சூடேற்றுவதில் கண்ணுக்கு எந்த லாபமும் இல்லை. வகுப்பு வீடியோவில் கரும்பலகை எழுத்து தெரிந்தால் சரி. டாஸ்க் மேனேஜரில் ஜிபியு பக்கத்தில் "வீடியோ டிகோட்" என்ற வரைபடம் அசைகிறதா என்று பாருங்கள். வீடியோ ஓடும்போது அது தட்டையாகக் கிடந்தால் பாரம் முழுதும் புராசஸரில்.

அவர் இன்று சோதித்தார். அதே வீடியோ, அதே 720. விபி9-ல் புராசஸர் 60-லிருந்து 70 சதவீதம், ஹெச்.264-ல் 20-க்கும் கீழே. ஃபேன் சத்தமே கேட்கவில்லையாம்.

14 மே, பிற்பகல் 2.40

வேலூரில் கத்திரி. உட்கார்ந்து எழுதும் இந்த அறையில் 37 டிகிரி. என் எடிட்டிங் மெஷின் ரெண்டர் செய்யும்போது (எடிட் செய்த வீடியோவை முழுதாக உருவாக்கும் வேலை) 91 காட்டுகிறது. டிசம்பரில் 78 தான் இருந்தது. முன்பெல்லாம் இதைப் பார்த்துப் பதறி, உடனே கழற்றிப் பேஸ்ட் மாற்றுவேன். போன வருடத்திலிருந்து அறையின் சூட்டைக் கழித்துப் பார்க்கிறேன். டிசம்பரில் அறை 25, வித்தியாசம் 53. இப்போது வித்தியாசம் 54. மெஷின் அப்படியே இருக்கிறது, வெயில்தான் ஏறியிருக்கிறது. எந்த ஃபேனும் அறைக்காற்றைவிடக் குளிர்ச்சியாக ஊதாது.

வருடம் ஒருமுறை பேஸ்ட் மாற்றுங்கள் என்று பலருக்குச் சொல்லியிருக்கிறேன். அதைத் திரும்பப் பெறுகிறேன். ஒவ்வொரு முறை கழற்றும்போதும் ஸ்க்ரூ மரை போகலாம், ஃபேன் கனெக்டர் பிய்ந்து வரலாம், பேட் கிழியலாம். வித்தியாசம் பத்துப் பன்னிரண்டு டிகிரி கூடினால் கழற்றுங்கள். இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

கோடை முடியும்வரை கழற்றாமலே சூட்டைக் குறைக்க ஒரு வழி: விண்டோஸ் பவர் அமைப்பில் புராசஸரின் அதிகபட்ச அளவை 100-லிருந்து 99 ஆக்குங்கள். ஒரு சதவீதம் என்ன செய்யும் என்று தோன்றும். அது டர்போவை, அதாவது தேவைப்படும்போது வேகத்தைத் தானாகக் கூட்டுவதை, நிறுத்திவிடும். ஐ5-5200யு 2.7 வரை ஏறாமல் 2.2-லேயே நிற்கும். படிப்பு வேலைக்கு அது தாராளம். என் மெஷினில் பகலில் 99, ரெண்டரை இரவு பதினொரு மணிக்கு மேல் 100-ல் போடுகிறேன்.

வோல்டேஜ் குறைக்கும் வழியைச் சிலர் கேட்டிருக்கிறார்கள். நல்ல வழிதான். ஆனால் 2019 டிசம்பரில் பிளண்டர்வோல்ட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியான பிறகு, பல மெஷின்களில் பயாஸ் அப்டேட் அந்தக் கதவை மூடிவிட்டது. அதற்காகப் பழைய பயாஸுக்குத் திரும்ப வேண்டாம்.

3 ஜூன், மாலை 6.30

தேர்வு முடிந்து இப்போதுதான் கேபிளைக் கவனிக்க நேரம் கிடைத்திருக்கிறது அவருக்கு. ஆறு வாரமும் டிவியில் இணைத்தே படித்திருக்கிறார்.

கேபிள் வாங்கும்போது பேனலின் (திரைத் தகடு) இணைப்பூசிகளின், அதாவது பின்களின், எண்ணிக்கை 30-ஆ 40-ஆ என்று பாருங்கள். முனை பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருக்கும். மாற்றும் முன் பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். திரையின் பின்விளக்குக்குப் போகும் மின்சாரமும் அதே கேபிளில்தான் போகிறது. உயிரோடு இருக்கும்போது முனையைச் செருகினால் போர்டில் ஒரு குட்டி ஃப்யூஸ் போய்விடும். பிறகு திரை இருட்டாகத் தெரியும், மறுபடி ஜிபியு கதை ஆரம்பித்துவிடும்.

11 ஜூன், இரவு 9.00

கோடு போய்விட்டது. கேபிள் 650 ரூபாய்.

பழைய கேபிளின் படத்தை அனுப்பியிருக்கிறார். ஹிஞ்ச் பக்கம் மேலுறை தேய்ந்திருக்கிறது. அதைவிட முக்கியம், பேனல் பக்க முனையில் இரண்டு பின்களில் பச்சைப் பூப்பு. செம்பு களிம்பேறினால் வரும் நிறம். வீடு கடற்கரையிலிருந்து நடக்கும் தூரம், லேப்டாப் ஜன்னலோரம் என்கிறார். உப்புக்காற்று. வேலூரில் இருந்துகொண்டு எனக்கு இது தோன்றவே இல்லை. ராமேஸ்வரம், நாகை, கடலூர்ப் பக்கம் இருப்பவர்கள் கோடு விழுந்தால் கேபிளை மாற்றும் முன் முனையை ஆல்கஹாலால் துடைத்து ஒருமுறை செருகிப் பாருங்கள். அதிலேயே சரியாக வாய்ப்பு உண்டு.

தனிச் சிப்பையும் சோதித்தாயிற்று. ஒரு கேம் நாற்பது நிமிடம், புள்ளி இல்லை, சிதறல் இல்லை. சாகாத சிப்புக்குத்தான் ரீபால் சொல்லியிருந்தார்கள்.

12 ஜூன், காலை 7.40

அந்தக் கடைக்காரரை ஏமாற்றுக்காரர் என்று சிலர் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சூடும் கோடும் சேர்ந்து வரும் மெஷின்கள் பலவற்றில் ஜிபியு போனதை அவர் பார்த்திருப்பார். பத்து நிமிடத்தில் ஒரு மெஷினைப் பார்த்துச் சொல்ல வேண்டிய நெருக்கடியும் இருந்திருக்கும். ஆனால் மூடியை அசைத்துப் பார்க்க அரை நிமிடம்கூட ஆகாது. அதை யாராவது செய்திருந்தால், ஒரு மாணவி ஹாட் ஏர் கன்னைத் தேடிப் போகும் நிலை வந்திருக்காது. உப்பிய பேட்டரி உள்ளே இருக்கும்போது அந்தக் கன்னை வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் எனக்கு இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

8 ஜூலை, இரவு 8.10

ஒரு மாதம் கழித்து எழுதியிருக்கிறார்: எல்லாம் நன்றாக ஓடுகிறது, ஹிஞ்ச் மட்டும் இறுக்கமாக, திறக்கும்போது கிறீச் என்கிறது. அதைக் கவனிக்காமல் விட்டால் புதுக் கேபிளும் நசுங்கும். ஹிஞ்ச் நட்டைக் கால் சுற்றுத் தளர்த்தி, ஒரு துளி தையல் மெஷின் எண்ணெய் விடுங்கள். துளிக்கு மேல் வேண்டாம்.

பழைய கேபிளையும் எறிய வேண்டாம். அடுத்த முறை வாங்கும்போது சொல்ல வேண்டிய பார்ட் நம்பர் அதில் ஒட்டிய ஸ்டிக்கரில்தான் இருக்கிறது.